யாங்கோன் ஹாலில் கலவைச் சாமான்கள்: எங்கே பிழை, எப்படிச் சரிசெய்வது

தாத்தா காலத்துச் சாய்வு நாற்காலி, அக்கா கல்யாணத்துக்கு வந்த கண்ணாடி ஷோகேஸ், தவணையில் வாங்கிய சோபா, போஜோக் சந்தையில் ஆசைப்பட்டு எடுத்த பகான் லாக்கர் பெட்டி (மூங்கில் பின்னலில் மரப்பால் பூசி மெருகேற்றியது), பக்கத்து வீட்டார் ஊரைவிட்டுப் போகும்போது கொடுத்துவிட்டுப் போன பிரம்பு மோடா. யாங்கோனில் நம்மவர் ஹால்கள் பெரும்பாலும் இப்படித்தான் நிரம்புகின்றன. யாரும் திட்டம் போட்டுக் கலப்பதில்லை, தானாக வந்து சேர்கிறது. அப்புறம் ஒரு நாள் ஹால் கண்ணை உறுத்தும்போது முதல் பழி கலவையின் மேல் விழுகிறது. "எல்லாத்தையும் தள்ளிட்டு ஒரே செட்டா வாங்கிடலாம்" என்று பேச்சு எழும்.

நான் அந்தக் கட்சி இல்லை. உறுத்தும் ஹால்களில் பிழை பெரும்பாலும் உயரத்தில் இருக்கும், வெளிச்சத்தில் இருக்கும், இடைவெளியில் இருக்கும். சாமான்கள் பாவம், மாட்டிக்கொள்கின்றன. எதையும் விற்பதற்கு முன், உங்கள் வீட்டுக் குறை கீழே எந்தத் தலைப்பில் வருகிறது என்று பார்த்து அதை மட்டும் செய்யுங்கள். அளவு டேப், கைபேசி, சுண்ணக்கட்டி, கைகொடுக்க ஓர் ஆள் இருந்தால் போதும். முடிந்த தலைப்புகளில் காசு செலவில்லாத திருத்தத்தை முதலில் வைத்திருக்கிறேன்.

தனித்தனியே எல்லாம் அழகு, சேர்ந்தால் பழைய சாமான் கடை

அதிகம் கேட்கும் புகார் இது. முதல் சோதனை: வாசலில் நின்று ஹாலை ஒரு படம் எடுத்து, கைபேசியிலேயே கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள். நிறம் போனபின் கண்ணில் மிஞ்சுவது அடர்த்தியும் வெளுப்பும்தான். அடர்ந்த பொருள்கள் எல்லாம் ஒரே பக்கம் குவிந்திருந்தால் பாதி நோய் தெரிந்துவிட்டது. அவற்றில் ஒன்றை எதிர்ச் சுவருக்கு நகர்த்திவிட்டு மறுபடி படம் எடுங்கள். பல வீடுகளில் வேலை இத்தோடு முடிந்துவிடும்.

முடியவில்லையா? இப்போது வண்ணப் படத்தைப் பாருங்கள். ஒவ்வொரு பொருளாக விரல் வைத்து, இதன் நிறத்துக்கோ பொருளுக்கோ அறையில் இன்னொரு துணை இருக்கிறதா என்று கேளுங்கள். சிவப்பும் கறுப்புமான லாக்கர் பெட்டி ஒன்றே ஒன்று தேக்கு மேசைமேல் தனியாக இருந்தால் யாரோ மறந்து வைத்துவிட்டுப் போனதாகத் தெரியும். எதிர் மூலை நாற்காலியில் அதே சிவப்பில் ஒரு திண்டு உறை வந்ததும் பெட்டிக்கு அங்கே இருக்க நியாயம் வந்துவிடுகிறது. திண்டு உறைக்குப் பருத்தி லுங்கித் துணியே நல்லது. அமரபுரா அச்சேய் பட்டு அழகுதான், ஆனால் தினமும் முதுகு உரசும் இடத்தில் இழை பிரிந்துவிடும். பித்தளைக்கும் இதே கணக்கு: குத்துவிளக்கு ஒரு பக்கம் இருந்தால் மறுபக்கம் ஒரு பித்தளைச் செம்போ தட்டோ வையுங்கள். இரண்டும் ஒட்டி நிற்கக் கூடாது, பார்வை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாண்டிப் போக வேண்டும்.

மூன்றாவது, மரங்கள். தேக்கு, செம்மை ஓடிய படாக், ஏறக்குறையக் கறுப்பாக இருக்கும் பழைய ரோஸ்வுட், மரம்போல் படம் அச்சடித்த தூள்பலகை டிவி மேசை, இந்த நான்கும் சாதாரணமாக ஒரே ஹாலில் இருக்கும். இங்கே பலர் எடுக்கும் முடிவு, எல்லாவற்றுக்கும் ஒரே வார்னிஷ். வேண்டாம். தேக்கு வெளிச்சம் பட்டுப்பட்டுப் பொன் பழுப்பாக அடரும். படாக் தன் சிவப்பை இழந்து பழுப்புக்கு இறங்கும். இன்று ஒன்றாகத் தெரியும் நிறங்கள் சில வருடங்களில் தத்தம் வழியில் போய்விடும். தேக்கில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை இருப்பதால், தின்னரால் துடைக்காமல் மேலே எதைப் பூசினாலும் சரியாகப் பிடிக்காது, உரியும். பெயின்ட் என்றால் கேட்கவே வேண்டாம். இங்கிருந்து கப்பலேறிப் போன தேக்கைக் காரைக்குடிப் பக்கத்து வீடுகளில் தூணாகப் பார்த்து ஊரே வியக்கிறது. அதே மரத்தின் மேல் நாம் இங்கே பெயின்ட் டப்பாவைத் திறப்பது எனக்கு ஒப்பவில்லை.

செய்ய வேண்டியது இதுதான். ஒரு மரத்துக்குத் தலைமை கொடுங்கள். கண்ணில் படும் மரத்தில் பாதிக்கு மேல் அதுவாக இருக்கட்டும். நம் வீடுகளில் அது தேக்காகத்தான் அமையும். மற்றவை அதிலிருந்து தெளிவாக வேறுபட்டால் பிரச்சினை இல்லை. கிட்டத்தட்ட ஒரே நிறமாக, ஆனால் ஒன்றாகாமல் நிற்கும் இரண்டு மரங்கள்தான் மோசம். சேர்க்கப் பார்த்துத் தோற்றதுபோல் தெரியும். அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்காமல் நடுவே துணியோ செடியோ வெற்றுச் சுவரோ வரும்படி பிரியுங்கள். வண்ணம் அடித்தே தீருவேன் என்றால் அந்தத் தூள்பலகை டிவி மேசைக்கு அடியுங்கள். சுவரின் நிறத்திலேயே அடித்தால் அது கண்ணிலிருந்து விலகிவிடும். பெரும்பாலும் உண்மையான குற்றவாளி அதுதான்.

எதிரெதிரே உட்கார்ந்தால் பேச்சு ஓடவில்லை

விருந்தாளி வந்து பத்து நிமிடத்தில் அடுக்களைப் பக்கம் நகர்ந்துவிடுகிறாரா? இருக்கைகளின் உயரத்தை அளங்கள். ஆள் உட்கார்ந்து மெத்தை அமுங்கிய நிலையில், தரையிலிருந்து அளக்க வேண்டும். பழைய சாய்வு நாற்காலி 14 அங்குலத்தில் இருக்கும், தேக்கு பெஞ்சு 18-இல் நிற்கும், புதுச் சோபா பார்க்க 18 என்றாலும் உட்கார்ந்ததும் 15-க்கு இறங்கும். எதிரெதிரே இருப்பவை இரண்டு அங்குலத்துக்கு மேல் வித்தியாசப்பட்டால் ஒருவர் அண்ணாந்தும் மற்றவர் குனிந்தும் பேச வேண்டியிருக்கும். மாமா ஒருவர் பெஞ்சிலும் மாப்பிள்ளை சாய்வு நாற்காலியிலும் இருந்தால் சங்கடம் இரட்டிப்பு.

முதல் திருத்தம் இடமாற்றம். தாழ்ந்தவற்றைத் தாழ்ந்தவற்றோடு எதிரெதிரே போடுங்கள். சாய்வு நாற்காலியைப் பேச்சு வட்டத்திலிருந்தே எடுத்து, படிக்கும் விளக்கோடு ஜன்னலோரம் தனியாக வையுங்கள், அது அதற்காகவே பிறந்தது. அடுத்து, தாழ்ந்த இருக்கைக்குக் கெட்டியான இரண்டு அங்குல நுரை, அல்லது கால்களுக்கு அடியில் குழி தோண்டிய மரக்கட்டை. உயரமான நாற்காலியின் காலை அறுக்கச் சொல்லும் ஆசாரியிடம் மட்டும் தலையாட்டாதீர்கள்.

நடு மேசை இருக்கையின் உயரமோ, ஓரிரு அங்குலம் குறைவாகவோ இருக்கலாம். அதைவிட உயர்ந்தால் தேநீர்க் கோப்பை நெஞ்சுக்கு நேரே வந்து நிற்கும்.

நடக்க வழியில்லை, ஹால் இன்னும் குறுகித் தெரிகிறது

யாங்கோன் அடுக்குமாடி வீட்டின் வழக்கமான அளவு 12.5 அடி அகலம், 50 அடி நீளம். சுவர் போக உள்ளே பதினொன்றரை அடி கிடைத்தாலே நல்லது. கணக்கைப் போட்டுப் பாருங்கள்: சோபா 3 அடி, சோபாவுக்கும் மேசைக்கும் நடுவே ஒன்றே கால், மேசை ஒன்றே முக்கால், நடைபாதை இரண்டரை, எதிரே கைப்பிடி இல்லாத நாற்காலி இரண்டே கால். மொத்தம் பத்தே முக்கால். மீதி முக்கால் அடிதான், அதுவும் சாமானைச் சுவரிலிருந்து தள்ளி வைக்கவே சரியாகப் போய்விடும். இதில் இரு பக்கமும் மூன்றடிச் சோபா போட்டால் நடைபாதையில்தான் கை வைக்க வேண்டும்.

ஆகவே பெரிய உருப்படி ஒரு சுவருக்கு ஒன்று. அதன் எதிரே தரை தெரியும்படி கால்கள் உள்ள இலேசான நாற்காலிகள். அடிவரை மூடிய பெட்டி வடிவச் சோபாவைவிட, கால் உயர்ந்து அடியில் தரை தெரியும் பழைய பிரம்பு நாற்காலி இங்கே அதிகம் உதவும். கலவையின் நன்மையே இதுதான். ஒரே செட்டாக வாங்கியவருக்கு மூன்று பேர் சோபாவும் இரண்டு ஒற்றைச் சோபாக்களும் ஒரே பருமனில்தான் வரும்.

நீளத்தை உடைக்க, எதையாவது குறுக்கே போடுங்கள். முதுகு இல்லாத தேக்கு பெஞ்சு, தாழ்வான புத்தக அலமாரி, குறுக்குக் கோடுள்ள பாய், எதுவும் ஆகும். வாசலிலிருந்து கடைசிச் சுவர்வரை எல்லாவற்றையும் வரிசையாகச் சுவரில் சாய்த்து வைப்பதுதான் ஹாலைக் குறுக்கும். பாய் விரித்தால் சோபாவின் முன்கால்களாவது அதன் மேல் ஏற வேண்டும். நடுவில் தனியே கிடக்கும் சின்னப் பாயைவிடப் பாயே இல்லாமல் இருக்கலாம்.

பகலில் நன்றாக இருக்கிறது. விளக்குப் போட்டால் மரமெல்லாம் செத்துப்போகிறது

கூரையைப் பாருங்கள். ஒரே ஒரு வெள்ளைக் குழல் விளக்கு, 6500 கெல்வின் என்று அதில் எழுதியிருக்கும். அந்த நீலம் கலந்த வெள்ளையில் தேக்கின் பொன்னிறம் சாம்பலாகும், பிரம்பு வெளிறும், லாக்கரின் சிவப்பு மட்டும் தனியாகக் கத்தும். 2700 முதல் 3000 கெல்வின் வரையுள்ள மஞ்சள் வெளிச்சத்துக்கு மாறுங்கள். உறையில் சிஆர்ஐ என்ற எண் 90-க்குப் பக்கத்தில் இருந்தால் நிறங்கள் உண்மையாகத் தெரியும், 80-க்குக் கீழே என்றால் வாங்க வேண்டாம். பிள்ளைகள் படிக்கும் மேசைக்கு வெள்ளை விளக்கைத் தனியாக விட்டுவிடுங்கள்.

மேலிருந்து ஒரே விளக்கு அடித்தால் பொருள்களின் கீழ்ப்பாதி இருட்டில் போய்விடும். கண் மட்டத்தில் இரண்டு மூன்று சிறு விளக்குகள் இருந்தால் வெவ்வேறு காலத்துச் சாமான்கள்கூட ஒரே வெளிச்சத்தில் நனைந்து இணங்கிப்போகும். மின்வெட்டு நேரத்துக்கான சார்ஜ் விளக்குகளையே மஞ்சள் வெளிச்சத்தில் வாங்கி அந்த இடங்களில் வைத்துவிட்டால் இரண்டு வேலையும் முடியும்.

இன்வெர்ட்டரைப் பற்றி ஒரு வார்த்தை. ஹாலின் அழகைக் கெடுக்கிறது என்று அதன் பேட்டரியைப் பழைய அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்துகிறார்கள். தண்ணீர் ஊற்றும் வகைப் பேட்டரி சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வெளிவரும், அடைத்த பெட்டியில் அது தேங்குவது ஆபத்து. மறைக்க வேண்டுமென்றால் முன்னால் ஒரு பிரம்புத் தட்டியை நிறுத்துங்கள், மேலும் பக்கமும் திறந்தே இருக்கட்டும். அதன் மேல் துணி விரித்துப் பூஜாடி வைக்கும் யோசனையும் வேண்டாம்.

மழைக்காலத்தில் பிரம்பு கறுக்கிறது, தொய்கிறது, அடியில் மாவு கொட்டுகிறது

மூன்றும் மூன்று நோய், மருந்தும் வேறு வேறு.

கறுப்புப் புள்ளியும் புழுங்கல் வாடையும் என்றால் பூஞ்சை. யாங்கோனில் ஆண்டுக்குச் சுமார் 2,700 மில்லிமீட்டர் மழை, அதில் பெரும்பகுதி மே முதல் அக்டோபருக்குள் கொட்டிவிடுகிறது. அந்த மாதங்களில் சுவரே ஈரம். பிரம்பையும் மெத்தைச் சோபாவையும் சுவரிலிருந்து மூன்று அங்குலமாவது முன்னே இழுங்கள். சம பங்கு வினிகரும் தண்ணீரும் கலந்து துடைத்து, பின்னல் இடுக்குகளைப் பழைய பல்துலக்கியால் தேய்த்து, காற்றில் நன்றாகக் காய விடுங்கள். காயாமல் வார்னிஷ் அடித்தால் பூஞ்சையை உள்ளே வைத்துப் பூட்டியதாகிவிடும். சோபாவுக்கு வந்த பிளாஸ்டிக் உறையை இன்னும் கழற்றாத வீடுகள் உண்டு. மழைக்காலத்தில் ஈரம் சிக்கும் முதல் இடம் அதுதான், கழற்றிவிடுங்கள்.

பின்னல் இருக்கை தொய்ந்தால், இழை அறுந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அறுந்திருந்தால் பின்னுகிறவரிடம்தான் போக வேண்டும். அறவில்லை என்றால் வீட்டிலேயே இறுக்கலாம். நாற்காலியைக் கவிழ்த்து, சுடுநீரில் நனைத்த துணியை இருக்கையின் அடிப்பக்கம் அரை மணி நேரம் போட்டுவையுங்கள். மேற்பக்கம் வழுவழுப்பான தோல், தண்ணீரைக் குடிக்காது, அடிப்பக்கம்தான் குடிக்கும். பிறகு யாரையும் உட்காரவிடாமல் ஒரு முழு நாள் நிழலில் காய வைத்தால், உலரும்போது பிரம்பு சுருங்கி இறுகும். பிளாஸ்டிக் பிரம்பில் இது பலிக்காது.

அடியில் மாவு கொட்டினால் உளுப்பான், மரத்தைத் துளைக்கும் பூச்சி. மூங்கில், ரப்பர் மரம், தேக்கின் ஓரத்து வெளிறிய பகுதி இவற்றை அது தேடி வரும். வைரம் பாய்ந்த தேக்கைத் தொடுவதில்லை. "தேக்குதான், உளுக்காது" என்று விற்ற நாற்காலி உளுக்கிறதென்றால், உள்ளே வெளிறைச் சேர்த்துவிட்டார்கள் என்று பொருள். துளைகள் பழையவையா, பூச்சி இன்னும் உள்ளே இருக்கிறதா என்று தெரிய, தூசியைத் தட்டிவிட்டு அடியில் கறுப்புத் தாள் விரித்து ஒரு வாரம் விடுங்கள். தாளில் மீண்டும் மாவு விழுந்திருந்தால் பூச்சி உயிரோடு இருக்கிறது. முதல் வேலை, அந்தப் பொருளை மற்றவற்றிலிருந்து பிரித்துப் பால்கனியில் வைப்பது. பூச்சு இல்லாத மூங்கிலுக்குப் போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த கரைசல் இறங்கும். வார்னிஷ் பூசியதில் இறங்காது, துளைக்குள் ஊசி வைத்து மரப்பூச்சி மருந்து செலுத்த வேண்டும். விலை குறைந்த மூங்கில் ஸ்டூல் என்றால் வைத்தியம் பார்க்காமல் தூக்கிப் போடுங்கள்.

பகான் லாக்கர் பொருள்களுக்கு மழை எதிரி இல்லை. மூங்கில் பின்னலின் மேல் தித்சி மரப்பாலைப் பூசி, ஈரமான நிலவறையில் வைத்தே ஒவ்வொரு பூச்சையும் இறுகச் செய்கிறார்கள். ஏசியின் வறண்ட காற்று, நேர் வெயில், கொதிக்கும் கோப்பை, ஸ்பிரிட் துணி, இந்த நான்கும்தான் அதைக் கெடுக்கும். வெற்றிலைப் பெட்டியான குன்-இட்டை டிவி ரிமோட் போட வைத்துக்கொள்ளலாம், தேநீர்க் கெட்டில் வைக்கும் மணையாக்க வேண்டாம்.

மேசை விரிப்பை எடுத்தால் வட்டமாக வேறு நிறம்

நகர நடுவில் எண்களால் அழைக்கப்படும் தெருக்கள் தெற்கு வடக்காக ஓடுகின்றன. அதனால் வீட்டு முகப்பு கிழக்கே பார்க்கும், இல்லையென்றால் மேற்கே. எப்படியும் தாழ்ந்து வரும் வெயில் ஒரு நேரம் ஹாலுக்குள் நீளமாக நுழையும். மேற்கு முகம் என்றால் மார்ச், ஏப்ரல் மாலைகள் கடுமை. ஜன்னலுக்கு அருகே படாக்கையும் சாயத் துணிகளையும் வைக்காமல் தேக்கை வையுங்கள், அதுதான் தாங்கும். விரிப்பால் விழுந்த வட்டம் தேக்கில் நிரந்தரம் இல்லை. விரிப்பை எடுத்துவிட்டு வெளிச்சத்தில் விட்டால் மூடியிருந்த இடமும் மெதுவாக அடர்ந்து சேர்ந்துகொள்ளும்.

கோப்பை வைத்த இடத்தில் வெள்ளை வளையம் என்றால் ஈரம் பாலிஷுக்குள் மட்டுமே நிற்கிறது. மெல்லிய துணி போட்டு இளஞ்சூட்டில் இஸ்திரிப் பெட்டியைச் சில நொடிகள் வைத்து எடுத்தால் பெரும்பாலும் மறையும். கறுப்பு வளையம் என்றால் தண்ணீர் மரத்துக்குள்ளேயே போய்விட்டது, அதற்கு ஆசாரி வேண்டும்.

படங்கள் எல்லாம் கூரையோடு ஒட்டியிருக்கின்றன

பழைய கட்டடங்களில் கூரை உயரம், அதனால் கை தானாக மேலே போகிறது. படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து 57 முதல் 60 அங்குலத்தில் வரட்டும். தாத்தா பாட்டி படங்களுக்கு மட்டும் சற்று உயரம் கொடுக்கலாம், யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

சாமி மாடம் எங்கும் ஒட்டவில்லை

முருகனுக்குப் பக்கத்தில் புத்தரும் இருக்கும் வீடுகள் இங்கே சாதாரணம். வருகிற பர்மியர்கள் கவனிப்பது ஒன்றுண்டு: புத்தர் இருக்கும் திசையில் கால் நீட்டும்படி இருக்கை இருக்கக் கூடாது. எனவே மாடத்துக்கு நேர் எதிரே சாய்வு நாற்காலி போடாதீர்கள். மாடம் தலை மட்டத்துக்கு மேலே அமையட்டும், அதற்கு அடியில் டிவி வேண்டாம். டிவி பார்ப்பவர் எல்லாரும் கால் நீட்டுவார்கள். எண்ணெய் விளக்கு ஏற்றினால் மேல்பலகை கரியாகும், நாளடைவில் தீயவும் தீயும். விளக்கைப் பித்தளைத் தட்டில் வைத்து முன்னே இழுத்து வையுங்கள். மின்னி மின்னி எரியும் வண்ண விளக்குச் சரத்தை அணைத்தாலே பாதி ஹால் அடங்கிவிடும் என்பது என் தனிப்பட்ட கருத்து. வீட்டுப் பெரியவர்களிடம் அதைச் சொல்வதா வேண்டாமா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஷோகேஸ்தான் முதலில் கண்ணில் படுகிறது

உள்ளே இருப்பதில் பாதியை எடுத்துப் பெட்டியில் போடுங்கள். தீபாவளிக்குத் தீபாவளி மாற்றி வையுங்கள். வேறு வைத்தியம் தேவையில்லை.

பெரியம்மா கொடுத்த அலமாரி படியில் ஏறவில்லை

வாங்கும் முன்பே, அல்லது சரி என்று தலையாட்டும் முன்பே பார்த்திருக்க வேண்டியது படிக்கட்டின் திருப்பம். சாமானின் நீளத்துக்கு ஒரு மூங்கில் கழியை வெட்டி எடுத்துக்கொண்டு படியேறிப் பாருங்கள். கழியே திரும்பாத இடத்தில் சாமான் திரும்பாது. பால்கனி வழியாகக் கயிற்றில் ஏற்றலாம் என்றால், அங்கே இரும்புக் கம்பி கழற்றும்படி இருக்கிறதா, ஒட்டி வெல்டிங் செய்ததா என்று முன்னதாகப் பார்த்து வையுங்கள். கீழே தெருவில் ஆள் நடமாட்டம் குறைந்த அதிகாலைதான் ஏற்ற நேரம்.

பழைய கண்ணாடி அலமாரிகளில் பல துண்டு துண்டாகக் கழலும். மேல்முடி தூக்கினால் வரும், கதவுகள் கீலிலிருந்து இறங்கும், அடிப்பெட்டி தனி. கழற்றும்போதே ஒவ்வொரு துண்டின் உட்பக்கமும் சுண்ணக்கட்டியால் எண் போடுங்கள். ஆணி அடித்து ஒட்டவைத்த இடம் இருந்தால் அது பிற்காலத்து ரிப்பேர், அங்கே பலவந்தம் செய்யாமல் ஆசாரியைக் கூப்பிடுங்கள். கண்ணாடிக் கதவை எல்லாவற்றுக்கும் முன்னால் கழற்றி, போர்வையில் சுற்றி, நிமிர்த்திப் பிடித்தபடி இரண்டு பேராகத் தூக்கிப் போக வேண்டும். படுக்கவைத்துத் தூக்கினால் நடுவில் பாரம் இறங்கி விரிசல் விடும்.